மறு: மறு: 'மார்ஃப்' என்பதற்கு 'ரகம்' போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாளாக மடல்களைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். விடைத்தாள் கட்டு வேறு மேசையில் கிடக்கிறது. இப்போது எழுதாவிட்டால் 'ரகம்' என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. மடல் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் சேர்ந்தவர்களுக்காக: ஏற்காடு அடிவாரத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் பாம்புகள் பற்றி ஒருநாள் வகுப்பு நடத்துகிறோம். அதற்கு எட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு. நம் மலைப் பாம்புகள் பற்றிய பக்கங்கள் சிக்கலில்லாமல் முடிந்தன. கடைசிப் பக்கம் வளர்ப்புப் பாம்புகள். நிறத்துக்காகவும் கோலத்துக்காகவும் வளர்ப்பவர்கள் பெருக்கும் வகையை ஆங்கிலத்தில் 'மார்ஃப்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது. அந்தப் பக்கமே எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் பந்து மலைப்பாம்பு பிடிபட்டது என்று சென்னை விமான நிலையச் செய்தி எத்தனை முறை வந்துவிட்டது! நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. அயல்நாட்டுப் பாம்புகளில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள் 2022 திருத்தத்துக்குப் பிறகு பதிவு செய்ய வேண்டும், குட்டி பிறந்தாலும் சொல்ல வேண்டும். மாணவர்கள் இதையெல்லாம் கைப்பேசியில் தினமும் பார்க்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது தமிழ்ச் சொல் ஒன்றுதான்.

கோவை நண்பர் எழுதியது:
> மாம்பழத்தில் ரகம் இருக்கிறது, பருத்தியில் ரகம் இருக்கிறது. பாம்பிலும் 'ரகம்' என்று போட்டுவிட்டுப் போகலாமே. எல்லோருக்கும் புரியும்.

முதலில் எனக்கும் சரியென்றுதான் பட்டது. சேலத்துக்காரனிடம் 'ரகம்' என்று சொன்னால் மல்கோவா, குண்டு, இமாம்பசந்த் என்று வரிசையாக நாக்கில் வந்து நிற்கும். ஆனால் அது சந்தைச் சொல். வாங்குகிறவர் கண்ணுக்குப் படுவதை மட்டும் பிரித்துக் காட்டும். மாம்பழத்துக்கு அது போதும், பழத்துக்கு வலிக்காது.

போன மாதம் என் தங்கை மகன் ஒரு காணொளி காட்டினான். பந்து மலைப்பாம்பு, ஆப்பிரிக்காவின் மேற்கு, நடுப் பகுதிகளில் வாழ்வது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். காணொளியில் இருந்தது 'ஸ்பைடர்' என்று விற்கப்படும் வகை. உடம்பெல்லாம் மெல்லிய கறுப்புக் கோடுகள், சிலந்தி வலை பின்னியதுபோல. பார்க்க அழகுதான். எலியைக் கண்டு தலையைத் தூக்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது, திருகாணி மாதிரிச் சுழன்று வயிறு மேலே தெரியத் திரும்பியது. பாய்ந்தபோது எலி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். "பாம்பு ஆடுது பாருங்க மாமா" என்றான். மகுடிக்குப் பாம்பு ஆடும் என்று நம்பிய ஊர்தானே நாம். அது இசைக்கு ஆடவில்லை, மகுடியின் அசைவைத் தொடர்கிறது என்று வருடா வருடம் வகுப்பில் சொல்லி வருகிறேன். என் வீட்டுப் பிள்ளைக்கே இதுவும் ஆட்டமாகத் தெரிகிறது.

அது நோய். இந்த வகை 1999-இல் அமெரிக்காவில் முதலில் பெருக்கப்பட்டது. கோலத்தைத் தரும் மரபணுவோடு தலைத் தடுமாற்றமும் ஒட்டிக்கொண்டே வருகிறது. 2022-இல் வெளிவந்த ஆய்வொன்றில் இந்தப் பாம்புகளின் உட்செவியை ஊடுகதிர் அடுக்குப் படமெடுத்துப் பார்த்தார்கள். உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்களின் அமைப்பே மாறியிருந்தது. அது ஓங்கு பண்பு. தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து அந்த மரபணுவின் ஒரு பிரதி வந்தால் போதும், கோலம் வந்துவிடும், கூடவே தடுமாற்றமும். சிலதில் கொஞ்சம், சிலதில் நிறைய. நல்லதாகப் பார்த்து இணை சேர்த்து நோயை மட்டும் கழித்துவிடலாம் என்று பல வருடம் முயன்றார்கள். நடக்கவில்லை. பிரிட்டனில் ஓர் ஊர்வனவியல் சங்கம் தன் சந்தைகளில் இதை விற்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது.

இதற்குத்தான் 'ரகம்' வேண்டாம் என்கிறேன். திருச்சி ஐயா முன்வைத்த 'நிறத்திரிபு' என்பதிலும் அதே சிக்கல், வேறு பக்கத்திலிருந்து. அந்தச் சொல் தோலோடு நின்றுவிடுகிறது. காதுக்குள் நடப்பதை மறைத்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. எல்லா மார்ஃப்பும் நோயல்ல. 1992-இல் முதன்முதலாக வளர்ப்பில் பிறந்த வெளிறிய பந்து மலைப்பாம்பின் வழியில் வந்தவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அங்கே கேள்வி வேறு: அது ஒடுங்கு பண்பு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும் என்பதால், வெளிப்பட வேண்டுமானால் தாயோடு மகனை, அண்ணனோடு தங்கையைச் சேர்க்கிறார்கள். அதற்கு 'உட்கலப்பு' என்று பாடநூலிலேயே சொல் இருக்கிறது, நாம் ஒன்றும் புதிதாகச் செய்ய வேண்டாம்.

ஆகப் பொதுச்சொல் ஒன்று, நோவுள்ளதற்குத் தனிச்சொல் ஒன்று. பொதுச்சொல்லுக்கு 'வளர்ப்புச் சாயல்'. 'வளர்ப்பு' முன்னால் இருப்பது முக்கியம். காட்டில் அதுவாகப் பிறக்கும் வெள்ளை நாகத்தையும், பெட்டியில் வேண்டுமென்றே பெருக்கியதையும் அது பிரித்துவிடும். 'சாயல்' என்பதில் யாருக்கும் பெரிய எதிர்ப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

இனித்தான் சண்டை. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் நம் தோழி எடுத்துக் கொடுத்தது நல்ல சொல். ஜெர்மானியர்கள் 'குவால்ட்சுக்ட்' என்கிறார்கள். துன்புறும் குட்டிகள் பிறக்கும் என்று தெரிந்தும் முதுகெலும்பிகளைப் பெருக்குவது. அவர்கள் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அதை அப்படியே 'வதைப்பெருக்கம்' ஆக்கலாம் என்றார். கேட்க வலுவாக இருக்கிறது. ஆனால் தமிழில் 'வதை' என்றால் வதைப்பவன் ஒருவன் கண்முன் வந்து நிற்கிறான். சூரவதை, பசுவதை. எனக்குத் தெரிந்த பாம்பு வளர்ப்பவர்கள் அப்படியில்லை. ராத்திரி எழுந்து வெப்பமானி பார்ப்பார்கள், தோல் உரிக்கவில்லையென்றால் சாப்பாடு இறங்காது. அவர்களைப் பார்த்து 'வதை' என்றால் கையேட்டை மூடி வைத்துவிடுவார்கள். தப்பு இருக்கிறது, ஆனால் அது கொடுமையில் இல்லை. அழகைப் பார்த்த கண் நோயைப் பார்க்க மறுக்கிறதே, அங்கே இருக்கிறது.

என் முன்மொழிவு 'நோவுவழி'. எங்கள் பக்கம் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் "மாட்டுக்கு நோவு" என்பார்கள். யாரையும் குற்றம் சொல்லாத, ஆனால் மறைக்காத சொல். வழி என்றால் மரபு, வழித்தோன்றல், வழிவழி. ஒரு பாம்பின் மேல் முத்திரை குத்தாமல், அந்தக் கொடிவழியையே சுட்டுகிறது. 'ஸ்பைடர்' ஒரு நோவுவழி. நோவுவழியைப் பெருக்கக் கூடாது. சொல்லிப் பாருங்கள், வாக்கியத்தில் உட்காருகிறது.

அடுத்தது, 'செலக்டிவ் பிரீடிங்', வேண்டிய பண்புள்ளதைப் பார்த்து இணை சேர்ப்பது. 'தேர்வுப் பெருக்கம்' என்று எழுதினால் எங்கள் மாணவர்கள் பரீட்சை கூடிவிட்டது என்று நினைப்பார்கள். 'பொறுக்குப் பெருக்கம்' நல்ல உழவர் சொல்லாக இருந்திருக்கும். அதில் 'பொறுக்கி' ஒளிந்திருக்கிறான், வகுப்பே சிரித்துவிடும். 'தெரிவுப் பெருக்கம்' என்றே வைப்போம். மேட்டூர்ப் பக்கம் மேச்சேரி ஆட்டுக்குப் பொலிகிடா பார்த்து விடுவதும் தெரிவுப் பெருக்கம்தான், பொட்டனேரி ஆராய்ச்சி நிலையத்தில் அதைத் தாளில் குறித்துவைத்துச் செய்கிறார்கள். அந்தச் செயல் தானாகத் தப்பில்லை. கிடாயைத் தெரிகிறவன் காலைப் பார்க்கிறான், பல்லைப் பார்க்கிறான், அதன் குட்டிகள் வெயிலில் நடக்கின்றனவா என்று பார்க்கிறான். பாம்புச் சந்தையில் தெரிகிறவர் தோலைப் பார்ப்பதோடு நின்றுவிட்டார்.

கடைசியாகக் 'கலப்பினம்'. வரைவில் ஜெர்சி மாடும் கலப்பினம், சோளப் பாம்பையும் கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்கையும் சேர்த்துப் பிறந்ததும் கலப்பினம் என்று இருக்கிறது. முன்னது ஒரே சிற்றினத்துக்குள். பின்னது பேரினமே வேறு. 'கோவேறு' என்று போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கோவேறு கழுதையோடு வழி நின்றுவிடும், இந்தப் பாம்புகள் முட்டையிட்டுப் பெருகிக்கொண்டே போகும், அதுதானே தொல்லை. ஆகவே மாட்டுக்குச் 'சிற்றினக் கலப்பு', இந்தப் பாம்புக்குப் 'பேரினக் கலப்பு' என்று இரண்டாகப் பிரித்தே எழுதுவோம்.

கலந்தால் என்ன என்பவர்களுக்கு நம் மலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். சேர்வராயன் மலையில் மண்ணுக்குள் வாழும் ஒரு சிறிய கேடயவால் பாம்பு உண்டு, நஞ்சில்லாதது, மண்புழு தின்பது. ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் பெடோம் 1863-இல் அதற்குத் தனிப் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அது தனி இல்லை என்று மேற்குத் தொடர்ச்சி மலைப் பாம்போடு சேர்த்து எழுதிவிட்டார்கள். 2014-இல்தான் அது மறுபடியும் தனிச் சிற்றினமாக மீட்கப்பட்டது. ஒன்று என்று எழுதியிருந்த காலத்தில் யாராவது இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டுப் பெருக்கியிருந்தால்? யாரும் செய்யவில்லை, அதை வளர்ப்பதும் எளிதல்ல. ஆனாலும் பெயரை மீட்க ஒரு கட்டுரை போதும். கலந்துபோன பாம்பைப் பிரித்தெடுக்க எந்தக் கட்டுரையாலும் முடியாது. ஃபிளாரிடா சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளில் சுமார் 400-ஐ ஆராய்ந்தபோது 13-இல் நம் இந்திய மலைப்பாம்பின் மரபுத் தடம் இருந்ததாக 2018-இல் எழுதினார்கள். எங்கே, எப்போது கலந்தது என்று இனி யாரைக் கேட்பது?

ஒரே ஒரு வேண்டுகோள். கலக்காததைத் 'தூய' என்று எழுத வேண்டாம். 'தூய இரத்தம்', 'கலப்பு' என்ற பேச்சு நம் ஊரில் எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாம்பைப் பற்றிய பக்கத்தில் அந்த வாடை எதற்கு? 'கலவா வழி' போதும்.

சேலத்திலிருந்து,
விலங்கியல் ஆசிரியர்

—

ஈரோட்டிலிருந்து:

அண்ணா, வணக்கம். 'சாயல்', 'சிற்றினக் கலப்பு' இரண்டும் சரி. 'கலவா வழி' ரொம்பப் பிடித்தது. ஆனால் 'நோவுவழி' எனக்கு இடிக்கிறது. சேர்த்துப் படித்தால் சரி. மாணவர்கள் 'நோவு வழி' என்று பிரித்து எழுதினால் துன்பத்தின் பாதை, ஏதோ சிலுவைப் பாதை மாதிரி ஆகிவிடும். அப்புறம் இன்னொன்று. சொல்லில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம் என்கிறீர்கள். பாம்பு தானாகவா இணை சேர்ந்தது? பெட்டியைத் திறந்து உள்ளே விட்ட கை ஒன்று இருக்கிறதே. 'வதை'யில் அந்தக் கை தெரிந்தது. 'நோவுவழி'யில் அது காணாமல் போய்விட்டது.

—

சேலத்திலிருந்து:

அம்மா, இரண்டாவது கேள்விக்கு நேற்று ராத்திரி முழுக்கப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை, நீங்கள் சொல்வதுதான் சரி. பெயரில் கை தெரியவில்லை. அதனால் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, வினையில் கையைக் கொண்டுவந்துவிட்டேன். 'நோவுவழி பெருகுதல்' என்று கையேட்டில் எங்குமே வராது. 'நோவுவழியைப் பெருக்குதல்' என்று மட்டும்தான் வரும். தன்வினை வேண்டாம், பிறவினைதான். பதிவு இப்படி:

நோவுவழி: கோலத்தோடு நோயும் பிரிக்க முடியாமல் சேர்ந்தே வரும் வளர்ப்புச் சாயல். எ-டு: பந்து மலைப்பாம்பில் 'ஸ்பைடர்'. இதைப் பெருக்குபவர் நோயையும் பெருக்குகிறார்.

பிரித்து எழுதும் சிக்கலுக்கு 'சேர்த்தே எழுதுக' என்று அடைப்பில் போட்டுவிட்டேன். கோவை நண்பருக்கு மட்டும் இன்னும் 'ரகம்' மேல் கண். வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போகிறது. அதற்குள் வேறு நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடலாம். தங்கை மகனிடம் பதிவைக் காட்டினேன். படித்துவிட்டு அந்தக் காணொளியை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தான். இந்தத் தடவை ஆடுது என்று சொல்லவில்லை.