அக்கா வீட்டுச் சின்ன டாஃபடில் எந்த இனம்?

லண்டனில் இருக்கும் அக்கா தோட்டத்துப் புல்லுக்குள் பூத்த சின்ன டாஃபடில் படம் அனுப்பினா. ஒரு சாண் உயரம்தான், நடுவில் பாவாடை விரித்த மாதிரி மஞ்சள் குழல், சுற்றி ஊசி போல ஆறு இதழ். என்ன இனம்? இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் நிலத்தில் வைக்கலாமா? கிழங்கு அனுப்பவா என்று கேட்கிறா.

பதில்: நார்சிசஸ் பல்போகோடியம். ஸ்பெயின், போர்த்துக்கல், மொராக்கோ பக்கத்துக் காட்டுப்பூ, குழலைப் பார்த்தாலே தெரியும். இதழ் முழுக்கப் பின்னால் மடிந்திருந்தால் சைக்ளமினியஸ். ஒரே தண்டில் பல பூ, நல்ல வாசம் என்றால் ஜொங்குயிலா.

பதில்: தயவுசெய்து அனுப்பச் சொல்லாதீங்க, பாவம் அந்தக் கிழங்கு. அதற்குக் குளிர்காலம் வேணும், இங்கே வருடம் முழுக்க 27 பாகை அளவில் சூடு, மே மழையில் அழுகிவிடும். அதே குடும்பத்து மழை லில்லி வையுங்க, மஞ்சளிலும் இருக்கு. 2 அங்குல ஆழம், நல்ல வெயில், அவ்வளவுதான். எங்கள் படிக்கட்டோரம் போன மழை விட்டு மூன்றாம் நாள், புல் மாதிரி இலைக்கு நடுவே கூர்மொட்டுகள் எழும்பி நின்றதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

பதில்: இரண்டு கிழங்குமே நச்சு. சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், குசினிப் பக்கம் வைக்காதீங்க.

சரி, மழை லில்லியே வைக்கிறேன். அக்காவிடம் படம் மட்டும் கேட்கிறேன்.