ஒரே வருமானம், வெவ்வேறு வரி: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கோவை வாசகி:
2025-26ஆம் நிதியாண்டின் வரியைக் கணக்கிட, தம்பியுடனும் அவன் மனைவியுடனும் ஆடிட்டரிடம் போயிருந்தேன். அவர்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டினால் என் ஒருத்தியின் சம்பளமான 16,75,000 ரூபாயைத் தொடும். புதிய வரி முறையில், சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு 75,000 போக, ஆளுக்கு 12 லட்சம் வரை வரி இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆடிட்டர் மூன்று தாள்களை அருகருகே வைத்தார். இரண்டின் கடைசி வரியில் பூஜ்யம், என்னுடையதில் 1,24,800. கணவர் இறந்தபின் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளைத் தனியாக வளர்க்கிறேன் என்பது அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வராதது இன்னும் மனத்தை அறுக்கிறது.

மதுரைக்காரன்:
சகோதரி, இதைத் திருமணமானவர்களுக்கான சலுகை என்று கொள்ள முடியாது. படுத்த படுக்கையாக இருக்கும் என் தாயாரைக் கவனித்துக்கொண்டு மனைவி வீட்டிலேயே இருக்கிறார்; உங்கள் அளவு சம்பளத்துக்கு நானும் அதே வரியைத்தான் கட்டுகிறேன். சட்டம் ஆளைத்தான் பார்க்கிறது, குடும்பத்தை அல்ல. ஆனால் நான் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் போட்ட வைப்புத்தொகையின் வட்டியை மட்டும், வருமான வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி என் வருமானத்தில் சேர்க்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

ஓய்வுபெற்ற கணக்கர்:
மணவிலக்குக்குப் பின் மகன் பெயரிலிருந்த வைப்புத்தொகையின் வட்டிக்கு நான்தான் வரி கட்டினேன். மைனரின் வட்டி வருமானம், பெற்றோரின் மணவாழ்வு நீடித்தால் அதிக வருமானம் உள்ளவர் கணக்கிலும், முறிந்திருந்தால் பிள்ளையைப் பராமரிப்பவர் கணக்கிலும் சேரும். கோவை சகோதரி, கழிவுகள் அதிகமுள்ள பழைய வரி முறையிலும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மகளின் கல்விக் கட்டணம், சேமிப்பு போன்றவற்றுக்குக் கழிவு தரும் 80சி பிரிவின் 1,50,000 வரம்புக்குள் வரும். வாடகை வீடானால் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு உண்டு. மைனர் வருமானத்தில் பிள்ளை ஒன்றுக்கு 1,500 ரூபாய் விலக்கும் அந்த முறையில்தான். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்பான செல்வமகள் கணக்கின் வட்டிக்கு எந்த முறையிலும் வரி இல்லை என்பதால், மகள் பெயரில் ஒன்று தொடங்கிவிடுங்கள்.

டோர்ட்முண்ட் வாசி:
ஜெர்மனியில் 1958 முதல் தம்பதியர் வருமானத்தைக் கூட்டி இரண்டாகப் பகுத்து வரி போடுகிறார்கள். கணவரைப் பிரிந்த மறு ஆண்டு ஜனவரிச் சம்பளச் சீட்டில் என் வரி வகுப்பு, மணமானவர்களுக்கான மூன்றிலிருந்து தனியே பிள்ளை வளர்ப்பவர்களுக்கான இரண்டாக மாறியிருந்தது. வீட்டில் அதே பிள்ளை, அதே வாடகை, கைக்கு வந்த தொகை மட்டும் குறைந்துவிட்டது. தனியே பிள்ளை வளர்ப்பவருக்கு ஆண்டுக்கு 4,260 யூரோ கழிவு உண்டு. ஆனால் நான் இழந்ததை அது ஈடுகட்டவில்லை. மேல்மாடியில் இருக்கும் பிள்ளையில்லாத தம்பதிக்கோ பகுப்பு முறை தொடர்கிறது. இந்தியாவிலும் தம்பதியர் கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்யும் முறை வந்தால் மதுரை நண்பருக்கு உதவும். கோவை சகோதரிக்கு எதுவும் கிடைக்காது.

கோவை வாசகி:
கணக்கர் ஐயா, செல்வமகள் கணக்கைப் பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். என் மகளுக்குப் பதினான்கு ஆகிறது. இருப்பது சொந்த வீடு, ஆகவே பழைய முறையில் வரி இன்னும் கூடுகிறது. நான் கேட்பது சேமிக்கும் வழியை அன்று. பிள்ளையைத் தனியே வளர்ப்பவருக்கென்று ஒரு கழிவு, அதுவும் இரண்டு முறைகளிலும் வேண்டும் என்கிறேன்.