ராப்டோமயோலைசிஸ்: ‘தசைச்சிதைவு’ சரிவராது

நண்பர்களே,

தசைக்கலங்கள் திடீரென்று உடைந்து இரத்தத்தில் கலக்கும் ‘ராப்டோமயோலைசிஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று தேடுகிறோம். நேற்று ஐயா சொன்ன ‘தசைச்சிதைவு’ நல்ல சொல்தான். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. பரம்பரையாக வந்து, ஆண்டுக்கணக்கில் தசையை மெலியவைக்கும் நோயை அப்படித்தான் சொல்கிறோம். இதுவோ சில மணியில், சில நாளில் நடந்துவிடும் கூத்து.

குழப்பத்தை நானே உண்டாக்கியிருக்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போன இடத்தில், சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த களைநாசினியைத் தெரியாமல் குடித்துவிட்டார். வயலுக்கு அடிக்கிற எம்.சி.பி.ஏ. கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். “குடிச்சது வயித்துக்குள்ள, சலம் ஏன் பிளேன்டீ மாதிரிப் போகுது?” என்று மனைவி கேட்டார். வைத்தியரின் துண்டைப் பார்த்து ‘தசைச்சிதைவு’ என்றேன். “ஐயோ, பிள்ளைகளுக்கும் வருமோ?” என்று அழத் தொடங்கிவிட்டார்.

நடப்பது இதுதான். தசைக்கலங்கள் உடைந்து, உள்ளே இருந்த மயோகுளோபின் என்ற செந்நிறப் புரதமும் பொற்றாசியமும் சி.கே. (கிரியாட்டின் கைனேஸ்) என்ற நொதியமும் இரத்தத்தில் கலக்கின்றன. மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துப் பழுதாக்குகிறது. பொற்றாசியம் கூடினால் இதயமே நின்றுபோகலாம். சலத்தில், அதாவது சிறுநீரில், சோதனைக் கீற்றைத் தோய்த்தால் அந்த மயோகுளோபினையே இரத்தம் என்று காட்டும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செங்குழியம் இருக்காது. தசைதான் கரைந்து வருகிறது.

ஆகவே ‘தசைக்கரைவு’ என்கிறேன். ‘லைசிஸ்’ என்பதைப் ‘பகுப்பு’ ஆக்கிய நீர்ப்பகுப்பு, மின்பகுப்பு வரிசையில் ‘தசைப்பகுப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார்; எனக்கு இறைச்சிக்கடைதான் கண்ணுக்குள் வருகிறது. ‘தசைமுறிவு’ விளையாட்டு வீரருக்குப் போய்விடும். கிரேக்கத்தில் ராப்டோஸ் என்றால் கோல், இங்கே வரித்தசையைக் குறிக்கிறது. பாடநூலுக்கு வேண்டுமானால் ‘வரித்தசைக்கரைவு’ என்று நீட்டலாம், வார்டில் அது வாயில் நுழையாது.

முன்னால் ‘நச்சு’ ஒட்டவேண்டாம். 1940-41இல் லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளில் தசை நசுங்கி மீட்கப்பட்டவர்களுக்கும் இப்படித்தான் சிறுநீரகம் நின்றது. அவர்கள் நஞ்சு எதுவும் குடிக்கவில்லையே. கடும் வெயிலில் ஓடி விழுகிறவருக்கும் இது வரும்.

அப்புறம், அந்த அம்மாவிடம் மறுநாள் “தசை கரைஞ்சு சலத்தில வருது” என்று திருத்திச் சொன்னேன். “அப்ப சிறுநீரகத்தைக் காப்பாத்த என்ன செய்யினம்?” என்று கேட்டார். சேலைன் ஏற்றுவதைக் காட்டினேன்.

இதனால் சிறுநீரகத்துக்கு வரும் ‘acute kidney injury’யைத் ‘தீவிர காயம்’ என்று எழுதுவதும் எனக்கு ஒட்டவில்லை. அங்கே சொல்லவேண்டியது திடீரென்று வந்தது என்பது. ‘திடீர்ச் சிறுநீரகப் பழுது’ எப்படி?