வங்க மொழியில் எழுதியதால்தான் வெட்டினார்களா?

கரிசல்காட்டான்:
டாக்கா புத்தகக் கண்காட்சியிலிருந்து வெளியே வந்த வங்கதேச வலைப்பதிவர் அபிஜித் ராயை நடுத்தெருவில் வெட்டிக் கொன்றது 2015 பிப்ரவரி 26. தடுக்கப்போன மனைவி ரஃபிதா அகமது பொன்யாவுக்குக் கட்டைவிரல் போனது. அவரைப் போல வெட்டப்பட்டவர்களைப் பற்றி "அந்த வலைப்பதிவர்கள் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பரிணாமமும் மத விமர்சனமும் ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கின்றன, அதை யாரும் சீண்டுவதில்லை. 2003இல் கணினியில் வங்க எழுத்தைத் தட்டச்சு செய்ய உதவும் அவ்ரோ விசைப்பலகை மென்பொருள் வந்து, கல்லூரிப் பையன்கள்கூட வங்க மொழியில் தட்டச்சு செய்து அதையெல்லாம் எழுத ஆரம்பித்த பிறகுதான் சிலருக்கு உறுத்தியது. தாய்மொழியில் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரனும் படிப்பான் இல்லையா, பயம் அதுதான்.

நாகூர் வாசகன்:
அந்த வரியை எழுதியது நான்தான். வெட்டியவன் கொலைகாரன், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்தத் தளங்களில் நபியைப் பற்றி வாய்க்கு வந்தபடி எழுதியவையும் இருந்தன. பகுத்தறிவு வேறு, வசவு வேறு. படிக்கிற ஏழை ரிக்‌ஷாக்காரர் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்தீர்களா?

தேன்மொழி:
அந்த ரிக்‌ஷாக்காரர் வலைப்பதிவே படிக்கவில்லை பாய். 1971 வங்கதேச விடுதலைப் போரின் போர்க்குற்றவாளிகளுக்குக் கடும் தண்டனை கேட்டு டாக்காவின் ஷாபாக்கில் கூட்டம் கூடியது 2013 பிப்ரவரி 5. அதில் இருந்த வலைப்பதிவர் ராஜிப் ஹைதரைப் பத்தே நாளில் டாக்காவின் மிர்பூரில் கொன்றார்கள். அவர் எழுதியதாகச் சொல்லி அமர் தேஷ் நாளிதழ் அச்சிட்ட பிறகுதான் நாடே கொதித்தது. அதாவது யாரும் பார்க்காத வரிகளைத் தேடி எடுத்து ஊருக்குக் காட்டியது வேறு ஆட்கள். அப்புறம் ஹெஃபாஜதே இஸ்லாம் என்ற மதவாத அமைப்பு 13 கோரிக்கைகளோடு டாக்காவை நிரப்பியது. அரசு என்ன செய்தது? அந்த ஜனவரியில்தான் கத்திக்குத்து பட்டுப் பிழைத்திருந்த வலைப்பதிவர் ஆசிஃப் மொஹியுத்தீனையே ஏப்ரலில் கைது செய்தது. குத்துப்பட்டவருக்குச் சிறை!

நாகூர் வாசகன்:
ஷாபாக் அரசியலை மறுக்கவில்லை அக்கா. அங்கே பெரிய கட்சிகள் இரண்டும் மதத்தை வைத்து விளையாடின. நான் கேட்பது ஒன்றுதான், புண்பட்டவன் நீதிமன்றம் போகட்டும், அதற்குச் சட்டம் இருக்கட்டும்.

கரிசல்காட்டான்:
சட்டமா? வங்கதேசத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 57ஆம் பிரிவு இருந்ததே, இணையத்தில் மத உணர்வைப் புண்படுத்தினால் குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் 14 வருடம். கத்தி நின்றதா? வலைப்பதிவர் நிலோய் நீல் தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று புகார் கொடுக்கப் போனார், போலீஸ் வாங்கவில்லை, நாட்டைவிட்டுப் போய்விடு என்றார்கள் என்று அவரே ஃபேஸ்புக்கில் எழுதினார். 2015 ஆகஸ்டில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகும் போலீஸ் தலைவர், எழுதுகிறவர்கள் எல்லை மீற வேண்டாம் என்று புத்தி சொன்னார். சில்ஹெட்டின் அனந்த பிஜய் தாஸ் அறிவியல் எழுதியவர், "ஜுக்தி" என்று ஓர் இதழ் நடத்தியவர், ஸ்வீடன் விசா தர மறுத்தது, அதே 2015 மே மாதம் அவரையும் வெட்டிக் கொன்றார்கள். தீபன் பதிப்பாளர், அபிஜித்தின் புத்தகத்தைப் போட்டதற்காக அலுவலகத்துக்குள்ளேயே கொன்றார்கள். இதில் யார் வசை பாடியது?

சிறுவாணி:
கோவையில் 2017 மார்ச்சில் ஃபாரூக்கைக் கொன்றதை மறந்துவிட்டீர்களா? திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர். கடவுள் இல்லை என்று தமிழில் எழுதினார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் பல பேர் அன்றைக்கும் "எதுக்கு அவனுக்கு இந்த வேலை" என்றுதான் கேட்டார்கள்.

நாகூர் வாசகன்:
ஃபாரூக் விஷயத்தில் என் வீட்டிலேயே அன்றைக்குச் சண்டை நடந்தது. நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான், என் தம்பி ஒரு வாரம் பேசவில்லை. வசவு வசவுதான் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் தீபனுக்கும் அனந்துக்கும் "அடக்கி வாசித்திருக்கலாம்" என்பது பொருந்தாது, அந்த வரியை எடுத்துவிடுகிறேன். கொன்றவர்களுக்குத் தண்டனையாவது கிடைத்ததா?

தேன்மொழி:
தீபன், அபிஜித் வழக்குகளில் 2021 பிப்ரவரியில் மரண தண்டனைகள் வந்தன. அபிஜித்தின் அப்பா, இயற்பியல் பேராசிரியர் அஜய் ராய், சாட்சி சொல்லிவிட்டுத் தீர்ப்புக்கு முன்பே 2019 டிசம்பரில் இறந்துவிட்டார். 2022 நவம்பரில் டாக்கா நீதிமன்ற வளாகத்திலேயே கூட்டாளிகள் போலீஸ்காரர்கள் கண்ணில் ரசாயனம் அடித்துத் தீபன் வழக்குக் கைதிகள் இருவரைத் தப்ப வைத்தார்கள்.