விரைவு வரிசைக்குப் பணம் கட்டலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கிள்ளான் அப்பா:

வணக்கம். என் மகன் டல்லாஸில் வேலை பார்க்கிறான். கிரீன் கார்டு வந்து இரண்டு வருடமாகிறது. போன வாரம் பேசும்போது, "குளோபல் என்ட்ரி எடுத்துட்டேன்ப்பா, அமெரிக்காவுல இறங்கினா குடிநுழைவுல சீக்கிரம் போற வரிசை. இனிமே நீங்களும் பாட்டியும் என்கூட வந்தா வரிசையில நிக்கவே வேண்டாம்" என்றான். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் அவனே திரும்ப அழைத்தான். அந்த வரிசை அவன் ஒருவனுக்கு மட்டும்தானாம். கூட வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே பதிந்திருக்க வேண்டும். மலேசியக் குடிமக்களாக இருக்கும் நாங்கள் பதியவும் முடியாது. சேர்த்துக்கொள்ளும் நாடுகளில் இந்தியா இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது, நாம் இல்லை. அவன் ஐந்து வருடத்துக்கு 120 டாலர் கட்டிவிட்டான். 2024 அக்டோபருக்கு முன்பு 100 டாலராக இருந்ததாம்.

இது கட்டுப்படியாகுமா என்று அவன் என்னைக் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன். என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய வரிசையில் நடந்தது இல்லை இது. நம் ஆட்டோகேட்டில், அதாவது பாஸ்போர்ட்டும் விரலும் வைத்தால் தானே திறக்கும் கதவில் நடந்தது.

போன வருடம் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்த் திரும்பினோம். கோலாலம்பூர் விமான நிலையத்தின் (கேஎல்ஐஏ) இரண்டாம் முனையத்தில் இறங்கும்போது இரவு பதினொன்றரை. நான், மனைவி, இளைய மகள் மூவரும் பாஸ்போர்ட்டை வைத்தோம், கட்டைவிரலை வைத்தோம், வெளியே வந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் அம்மா இன்னும் கேட்டுக்குள் நிற்கிறார். விரலை வைக்கிறார், சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்துவிட்டு வைக்கிறார், மறுபடியும் சிவப்பு. அம்மாவுக்கு 77 வயது. பதினான்கு வயதில் பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டப் போனவர், நாற்பது வருடம் பால் வெட்டினார். வெட்டுக் கத்தியும் பாலும் பட்டுப் பட்டு அந்த விரல்களில் ரேகை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா. நான் உள்ளே போக முடியாது. "வலது கைம்மா, இல்ல இடது கைய வைங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்றவர்கள் வேறு கேட்டுக்கு மாறினார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வை, ஏதோ தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையின் பார்வை. அதை என்னால் மறக்க முடியவில்லை. கடைசியில் ஓர் இளம் அதிகாரி வந்தார், மலாய்க்காரப் பெண். "மாரி, மக்சிக்" (வாங்க, அம்மா) என்று கையைப் பிடித்துக் கவுண்டர் வரிசைக்கு அழைத்துப் போனார். போகும் வழியில் அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, என் பாட்டிக்கும் இதே கைதான் என்று சொன்னாராம். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா வெளியே வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. சிப் வைத்த பாஸ்போர்ட்டை 1998இல் உலகத்துக்கே முதலில் கொடுத்தது மலேசியா. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் பெட்டி வரும் இடத்தில் அம்மாவுக்காக நின்றதில் போய்விட்டது. மகன் 120 டாலர் கட்டி முதலில் வெளியே வந்து என்ன செய்யப் போகிறான்? எங்களுக்காக நிற்பான். என் யோசனை இதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கோவைக்காரர்:

வணக்கம் ஐயா. நான் இந்தியப் பாஸ்போர்ட். ஆறு வருடமாகக் கோலாலம்பூரில் மென்பொருள் வேலை. வருடத்துக்கு நான்கு முறையாவது அமெரிக்கா போகிறேன், பெரும்பாலும் தனியாக. என் மாதிரி ஆளுக்கு இது சந்தேகமே இல்லாமல் தகும்.

ஆனால் கிடைக்கப் பொறுமை வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்துப் பணத்தைக் கட்டுகிறோம். நிராகரித்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. எங்களுக்கு இந்தியாவில் காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. எனக்கு முதல் ஒப்புதல் வரவே பல மாதம் ஆனது. அதன்பிறகு நேர்காணல். அதற்கென்று தனியாகப் பறக்க வேண்டாம். அங்கே பல விமான நிலையங்களில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்போதே முடித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் முடித்தேன், பத்து நிமிடம் கூட ஆகவில்லை. இப்போதெல்லாம் இறங்கியதும் முகத்தைக் காட்டுகிறேன், அதிகாரி ஒரு வார்த்தை கேட்கிறார், நடந்துவிடுகிறேன். பக்கத்து வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று அடுத்த விமானத்தைத் தவறவிட்டவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போன டிசம்பரில் மனைவியோடு போனேன். அவள் பதியவில்லை. நானும் அவளோடு பொது வரிசையில்தான் நின்றேன், வேறென்ன செய்ய? ஆகவே ஐயா சொல்வது சரிதான்.

மகனுக்கு இன்னொரு பலன் உண்டு. அந்த 120 டாலரிலேயே டிஎஸ்ஏ ப்ரீசெக்கும், அதாவது அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையின் விரைவு வரிசையும் அடங்கும். உள்நாட்டுப் பயணத்திலும் பாதுகாப்புச் சோதனை சீக்கிரம் முடியும், லேப்டாப்பைப் பைக்குள்ளிருந்து எடுக்க வேண்டாம். முன்பு பெரிய வசதி காலணியைக் கழற்ற வேண்டாம் என்பதுதான். 2025 ஜூலையிலிருந்து அங்கே பொதுவாக யாரும் கழற்ற வேண்டியதில்லை என்று மாற்றிவிட்டார்கள், அதனால் வித்தியாசம் கொஞ்சம் குறைந்துவிட்டது. இருந்தாலும் வருடத்துக்கு 24 டாலர்தானே. மாதம் ஒருமுறை விமானம் ஏறுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

திருச்சி பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியா 2024 ஜூனில் டெல்லியில் விரைவுக் குடிநுழைவுத் திட்டம் தொடங்கியது. சென்னைக்கு 2025 ஜனவரியில் வந்தது, திருச்சிக்கு அதே வருடம் செப்டம்பரில். பணம் கிடையாது. விரல் ரேகையும் முகமும் பதிந்தால் ஐந்து வருடம், அதற்குள் பாஸ்போர்ட் முடிந்தால் அதுவரை. இந்தியக் குடிமக்களுக்கும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை உள்ளவர்களுக்கும் மட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஓசிஐ இருந்தால் உடனே பதிந்துவிடுங்கள்.

கிள்ளான் அப்பா:

ரொம்ப நன்றி தம்பி. எங்கள் வீட்டில் ஓசிஐ யாருக்கும் இல்லை. என் தாத்தா எந்தக் கிராமத்திலிருந்து கப்பல் ஏறினார் என்பதற்கே ஒரு காகிதமும் இல்லை.

ஜார்ஜ்டவுன் அக்கா:

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இதைப் பெரியவர்கள் உள்ள எல்லா வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

என் தங்கை நியூஜெர்சியில் இருக்கிறாள். அமெரிக்கக் குடியுரிமை, அவள், கணவர், இரண்டு பிள்ளைகள் நால்வருக்கும் குளோபல் என்ட்ரி. மூன்று வருடம் முன்பு தைப்பூசத்துக்கு வந்திருந்தார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய், ஒரு மாதம் வீடு நிறைய ஆட்கள். கிளம்பும்போது அம்மா மசாலா, நெத்திலி, முறுக்கு எல்லாம் கட்டிக் கொடுத்தார். தங்கை விவரமானவள். நெத்திலியை எடுத்து வெளியே வைத்துவிட்டாள், மற்றதை எழுதிக்கொண்டாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் அம்மா பின்கட்டில் இருக்கும் கறிவேப்பிலை மரத்திலிருந்து இரண்டு கொத்து ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, அதன்மேல் தமிழ்ப் பேப்பரைச் சுற்றிச் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். அங்கே கடையில் வாங்குவதில் வாசமே இல்லை என்று தங்கை ஒருநாள் சொன்னதை மனத்தில் வைத்திருந்திருக்கிறார்.

அங்கே இறங்கி, பச்சைக் காய்கறி, இலை, பழம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று தங்கை சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை. பெட்டி எடுக்கும் இடத்தில் ஒரு சின்ன நாய் வந்து அவள் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தது. பெட்டியைத் திறந்தார்கள். 300 டாலர் அபராதம். அதைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்து, உறுப்பினர் உரிமை ரத்து என்று தகவல் வந்தது.

இரண்டு கொத்து இலைக்கு இப்படியா என்று அன்று எனக்கும் கோபம்தான். அப்புறம் படித்துப் பார்த்தேன். கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்த செடிதான். அந்த இலையில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பச்சை நோயைப் பரப்புகிறது. ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களே அழிந்திருக்கின்றன. அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு மனம் ஆறாதது ஒன்றுதான். "பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்கு முழுசாகத் தெரியாது, அம்மா கட்டிக் கொடுத்தது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால், இலையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள். மறைக்காமல் சொன்னவருக்கு அபராதம் இல்லை. விரைவு வரிசை குடிநுழைவைச் சீக்கிரமாக்கும், சுங்கத்தில் ஒரு சலுகையும் தராது. பார்க்கப்போனால் அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தது என்பதால் சின்னத் தவறுக்கும் பறித்துவிடுகிறார்கள்.

இப்போது ஊருக்கு வந்து திரும்பும்போது கணவரும் பிள்ளைகளும் ஐந்து நிமிடத்தில் வெளியே போய் இவளுக்காக நிற்கிறார்கள். இவள் கைப்பேசியில் அமெரிக்கச் சுங்கத்துறையின் மொபைல் பாஸ்போர்ட் செயலியை வைத்திருக்கிறாள். இலவசம், முன்பதிவு, நேர்காணல் ஒன்றும் வேண்டாம். அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் பயன்படுத்தலாம். அதற்குத் தனி வரிசை இருக்கும் இடங்களில் அதுவே போதும் என்கிறாள். கிள்ளான் அண்ணா, உங்கள் மகன் வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார் என்றால் இதையே பார்க்கச் சொல்லலாமே.

அம்மாவிடம் இன்றுவரை நாங்கள் யாரும் சொல்லவில்லை. அந்தக் கறிவேப்பிலை நன்றாக இருந்ததா என்று ஒருமுறை கேட்டார். நன்றாக இருந்தது என்றாள் தங்கை.

செந்தூல் வியாபாரி:

உதிரிபாகம் இறக்குமதி செய்கிறேன். எனக்கு ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பு) வணிகப் பயண அட்டை இருக்கிறது, நம் குடிநுழைவுத் துறையே கொடுப்பது, ஐந்து வருடம். ஜகார்த்தா, பாங்காக், தைப்பே என்று மாதம் இரண்டு முறை போகிறவன். தனி வரிசை, பல நாடுகளுக்கு விசாவும் எடுக்க வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் வரிசை மட்டும்தான், விசா தனியாக எடுக்க வேண்டும். இந்தியா ஏபெக்கில் இல்லை, அங்கே செல்லாது. உண்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் இது, சுற்றுலாவுக்கு இல்லை. மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு இதைவிட நல்ல அட்டை நான் பார்த்ததில்லை.

சுபாங் ஜெயா:

கிள்ளான் ஐயாவின் மகன் டிக்கெட்டில் பெயரைச் சரிபார்க்கட்டும். நம் பாஸ்போர்ட்டில் 'அனாக் லெலாகி' (இன்னாரின் மகன்) குறி நடுவில் வரும். என் அண்ணனுக்குக் கிரீன் கார்டில் ஒரு விதமாகவும் விமான நிறுவனக் கணக்கில் வேறு விதமாகவும் பெயர் ஏறிவிட்டது. குளோபல் என்ட்ரி உறுப்பினர் எண்ணைச் சரியாகப் போட்டும் எட்டு மாதம் போர்டிங் பாஸில் ப்ரீசெக் குறியே வரவில்லை. பணம் கட்டிவிட்டுப் பொது வரிசையில் நின்றார். எல்லா இடத்திலும் ஒரே எழுத்தாக மாற்றியதும் வந்துவிட்டது.

பட்டர்வொர்த்:

பணம் கட்டும் முன் இலவசமாக இருப்பதை ஒழுங்காகச் செய்தாலே பாதித் தொல்லை தீரும். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் விட்டபிறகு என் சித்தப்பா குடும்பம் வந்தது. மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை நிரப்பவில்லை. வெளிநாட்டவர் வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், காசில்லை. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஐந்து பேரும் சுவரோரமாக நின்று கைப்பேசியில் தட்டி முடிப்பதற்குள் வரிசை முழுக்கப் போய்விட்டது. வரப்போகும் சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செராஸ் தாதி:

ஐயா, உங்கள் அம்மாவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் அடிக்கடி கை கழுவுவதால் எனக்கும் சில நாள் விரல் பதியாது. சில புற்றுநோய் மருந்துகளாலும் ரேகை மங்கும். இனிமேல் அம்மாவை ஆட்டோகேட்டுக்கு விடாதீர்கள், நேராகக் கவுண்டருக்கு ஒருவர் கூடவே போங்கள். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள், அதற்குக் கட்டணம் வாங்குகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளிக்கொண்டு போகும் ஊழியருக்கு வழி தெரியும். நடக்கத் தெரிந்தவருக்கு எதற்கு நாற்காலி என்று அம்மா வெட்கப்படுவார், என் மாமியாரும் அப்படித்தான். நீண்ட வரிசையில் நிற்க முடியாதவருக்கும்தான் அது. அப்புறம், பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே இரவில் கைக்கு நல்ல கிரீம் தடவுங்கள். தோல் வறண்டிருந்தால் இருக்கும் ரேகையும் பதியாது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உதவும்.

கிள்ளான் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. மகனிடம் பேசினேன். வேலைக்காக மாதம் இரண்டு முறை உள்நாட்டில் பறக்கிறானாம், அதை எனக்கு அவன் சொல்லவே இல்லை. அப்படியென்றால் கட்டிய பணம் அவனுக்குப் பலன் தரும், இருக்கட்டும் என்றேன். பெயரையும் பார்க்கச் சொல்லிவிட்டேன். ஒரு டிக்கெட்டில் தப்பாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு வந்து எங்களை அவனே அழைத்துப் போகிறான். அங்கே இறங்கியதும் பாட்டியோடு பார்வையாளர் வரிசையிலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டான். சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. செராஸ் தங்கை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கிரீம் வேண்டாமாம். நேற்று இரவு பார்த்தேன், கூடத்தில் உட்கார்ந்து நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பத்து விரலையும் வைக்கச் சொல்வார்கள் என்று பேத்தி சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டிருந்தார்.