கியர் ஆயில் மாற்றியதும் வண்டி இழுக்க மாட்டேங்குது, உதவி!

பொங்கோல்_அப்பா
சனி, இரவு 11:52
அவசரம். பழைய பைக். நேற்று கியர் ஆயில் நானே மாற்றினேன். இன்று முறுக்கினால் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி போகவில்லை. எந்த ஆயில் ஊற்ற வேண்டும்? திங்கட்கிழமை காலை துவாஸில் (சிங்கப்பூர்) ஆறு மணி ஷிஃப்ட். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும்.

ஜூரோங்_மணி
சனி, இரவு 11:58
என்ன வண்டி, எந்த வருஷம், டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா? ஊற்றிய ஆயில் என்ன, எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்லலாம்.

ஆர்எக்ஸ்இசட்_ராஜா
ஞாயிறு, காலை 12:10
ஆயில் இல்லை, கிளட்ச் கேபிள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லீவரில் கொஞ்சமாவது ஆட்டம் இருக்க வேண்டும். கம்பி விறைப்பாக இருந்தால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. என் யமஹா ஆர்எக்ஸ்இசட் பைக்கில் இதே கதை, அட்ஜஸ்டரை இரண்டு சுற்று திருப்பியதும் சரியானது.

தங்லின்_குமார்
ஞாயிறு, காலை 12:21
ஏடிஎஃப் ஊற்றிப் பாருங்கள் அண்ணே. ஆட்டோ கியர் கார்களுக்கு ஊற்றும் சிவப்பு ஆயில். மோட்டோகிராஸ் பையன்கள் டூ ஸ்ட்ரோக் கியர்பெட்டிக்கு அதைத்தான் ஊற்றுகிறார்கள். கியர் வெண்ணெய் மாதிரி விழும்.

ஸ்பானர்_சாமி
ஞாயிறு, காலை 12:40
வாரம் ஒருத்தர் இப்படி வந்துவிடுகிறார். வண்டியின் பெயர் சொல்ல மாட்டார், ஆயிலின் பெயர் சொல்ல மாட்டார், மருந்து மட்டும் உடனே வேண்டும். கையேடு என்று ஒன்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களுக்குக் கிடையாது.

பொங்கோல்_அப்பா
ஞாயிறு, காலை 7:15
கியர் ஆயில்தான் ஊற்றினேன். டப்பாவிலேயே கியர் ஆயில் என்று போட்டிருக்கிறது. கேபிளைத் தளர்த்தியும் பார்த்துவிட்டேன், அப்படியேதான் இருக்கிறது.

ஜூரோங்_மணி
ஞாயிறு, காலை 7:31
டப்பாவில் எண் என்ன? வண்டி என்ன? இரண்டாவது முறை கேட்கிறேன் தம்பி.

பொங்கோல்_அப்பா
ஞாயிறு, காலை 7:50
80டபிள்யூ-90, ஜிஎல்-5. மச்சான் லாரிக்கு வாங்கியது மிச்சம் இருந்தது.

ஸ்பானர்_சாமி
ஞாயிறு, காலை 8:05
வந்துவிட்டதா பூனை வெளியே. ஜிஎல்-5 என்பது லாரி, காரில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு. அங்கே ஹைப்பாயிட் பல்சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியபடியே பாரத்தைத் தாங்கும். அதற்காகக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சரக்கை அதில் தாராளமாகப் போடுகிறார்கள். உங்கள் கிளட்ச் தட்டுகள் அதிலே குளித்தால் எப்படிப் பிடிக்கும்? எண்ணெய் என்று எழுதியிருப்பதற்காகத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் தோசை சுடுவீர்களா?

பழைய_இரும்பு
ஞாயிறு, காலை 8:44
சாமி, கொஞ்சம் பொறுங்கள். என்னிடம் இருப்பது பழைய பிரிட்டிஷ் வண்டி. கியர்பெட்டிக்கு ஈபி 90 கியர் ஆயில்தான் ஊற்றுகிறேன், கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் கிளட்ச் ஒரு நாளும் வழுக்கியதில்லை. கியர் ஆயில் மோட்டார்சைக்கிளுக்கே ஆகாது என்று பொதுவாக அடித்துவிடாதீர்கள்.

ஸ்பானர்_சாமி
ஞாயிறு, காலை 8:52
உங்கள் வண்டி ஓடுவதைவிடத் தரையில் எண்ணெய்க் கோலம் போடுவதுதான் அதிகம். அதை வைத்துப் பாடம் எடுக்க வேண்டாம்.

மாலதி_2பி
ஞாயிறு, காலை 9:20
இரண்டு பேரும் சொல்வது சரிதான், வண்டிதான் வேறு வேறு. கிளட்ச் எந்த ஆயிலில் நனைகிறது என்பதுதான் கேள்வி.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் பழைய புல்லட்டிலும் கியர்பெட்டி தனிப் பெட்டி. கிளட்ச் பக்கத்துச் செயின் பெட்டியில் வேறு ஆயிலில் கிடக்கிறது. அதனால் கியர்பெட்டிக்குள் கெட்டியாக ஊற்றினாலும் கிளட்சுக்குத் தெரியாது. (அங்கேயும் வெண்கல புஷ் இருப்பதால், அதை அரிக்கக்கூடிய அந்தக் கந்தகச் சரக்கு குறைவாக உள்ள ஜிஎல்-4 வாங்குவதுதான் பத்திரம்.) ஜப்பான் ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில், அதற்குத்தான் டப்பாவில் ஜாசோ எம்ஏ (ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்ற ஜப்பான் தர முத்திரை) பார்த்து வாங்குகிறோம். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்கான 2டி ஆயில் பெட்ரோலோடு எரிந்து போய்விடும். கியர்பெட்டி ஆயில் தனி, ஆனால் அதில் கிளட்சும் சேர்ந்தே நனையும்.

இன்னொன்று, எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். கியர் ஆயிலுக்கு ஓர் அளவுகோல், எஞ்சின் ஆயிலுக்கு வேறு. கியர் 90 என்பது எஞ்சின் ஆயில் கணக்கில் ஏறக்குறைய 40, 50தான். 30ஐ விட மூன்று மடங்கு கெட்டி என்று அர்த்தமில்லை.

சரி, என்ன வண்டி என்று இப்போதாவது சொல்வாரா?

பொங்கோல்_அப்பா
ஞாயிறு, காலை 10:02
வெஸ்பா பிஎக்ஸ் 150. 1996. சொல்லவில்லையா?

ஆர்எக்ஸ்இசட்_ராஜா
ஞாயிறு, காலை 10:04
😂😂 நான் இங்கே கேபிள் திருப்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்பானர்_சாமி
ஞாயிறு, காலை 10:06
அது பைக் இல்லை, ஸ்கூட்டர். முதல் வரியிலேயே தப்பு.

ஜூரோங்_மணி
ஞாயிறு, காலை 10:15
மாலதி அண்ணே, உங்களிடம் வெஸ்பா இருக்கிறதே, நீங்களே சொல்லுங்கள்.

மாலதி_2பி
ஞாயிறு, காலை 10:41
அண்ணே இல்லை, அக்கா.

பொங்கோல் தம்பி, பிஎக்ஸ் கியர்பெட்டிக்கு எஸ்ஏஇ 30, எஞ்சின் ஆயில் கணக்கில் வெறும் 30, அளவு 250 மில்லி. கிளட்ச் தட்டில் ஒட்டியிருப்பது கார்க். அதுவும் இதே ஆயிலில்தான் ஊறுகிறது. நீங்கள் எவ்வளவு ஊற்றினீர்கள்? வண்டியை எப்படி நிறுத்தி ஊற்றினீர்கள்? வழக்கத்தைவிட வெள்ளைப் புகை வருகிறதா?

பொங்கோல்_அப்பா
ஞாயிறு, காலை 11:03
கார்ப்பேட்டையில் சுவரில் சாய்த்து வைத்து ஊற்றினேன். அரை லிட்டர் இருக்கும். புகை எப்போதும் வருவதுதானே அக்கா.

மாலதி_2பி
ஞாயிறு, காலை 11:30
இரண்டு மடங்கு! புகையைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எஞ்சினையும் கியர்பெட்டியையும் பிரிக்கும் கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் ஆயில் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு வெள்ளையாகப் புகையும், கியர்பெட்டியில் ஆயிலும் குறைந்துகொண்டே வரும். அதனால் இப்போது வடிப்பதைக் கட்டாயம் அளந்து பாருங்கள்.

பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு நிறுத்துங்கள். முதலில் மேலே உள்ள திருகைக் கழற்றுங்கள், பின்சக்கரம் பக்கம் பெட்டியிலேயே ‘ஓலியோ’ (இத்தாலியில் எண்ணெய்) என்று பொறித்திருக்கும். அது கழன்று வந்த பிறகுதான் கீழ்த் திருகில் கை வையுங்கள். கீழே வடித்துவிட்டு மேலே கழலாவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், எனக்கு நடந்திருக்கிறது. வாஷரைப் புதிதாக மாற்றுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி ஊற்றுங்கள், துளையின் விளிம்பில் வழிய ஆரம்பித்தால் போதும்.

எஸ்ஏஇ 30 பைக் கடையில் இல்லையென்றால் புல்வெட்டி எந்திரத்துக்கு விற்பதைக் கேளுங்கள், ஃபோர் ஸ்ட்ரோக் எந்திரத்துக்கான அதே 30தான். முதல் தடவை ஊற்றியதை முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வடித்து, மறுபடி புதிதாக ஊற்றுங்கள், தட்டில் ஒட்டிய மிச்சமும் போகும். அப்புறமும் வழுக்கினால் தட்டு மாற்ற வேண்டியதுதான். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

தங்லின்_குமார்
ஞாயிறு, மதியம் 12:12
1996 என்றால் எதற்கு இந்தச் செலவு? சிங்கப்பூரில் 2003 ஜூலைக்கு முன் பதிவான பைக், ஸ்கூட்டர்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓடக் கூடாது. வண்டியை ஒப்படைத்தால் அரசாங்கம் 3,500 வெள்ளி (டாலர்) வரை கொடுத்ததே, 2023 ஏப்ரலோடு அதுவும் முடிந்தது. அப்போதே ஒப்படைத்திருக்க வேண்டும்.

பழைய_இரும்பு
ஞாயிறு, மதியம் 12:30
ஆயில் கேட்டு வந்தவனிடம் எமன் வரும் தேதியைச் சொல்கிறீர்களே. கால் லிட்டர் ஆயில் என்ன பெரிய செலவு? எல்லாருக்கும் அந்தத் தேதி பொருந்தவும் செய்யாது, ரொம்பப் பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் இருப்பவற்றுக்கு விலக்கு உண்டு.

தங்லின்_குமார்
ஞாயிறு, மதியம் 12:41
அதற்கு வண்டிக்கு 35 வயதாக வேண்டும். 1996க்கு 35 கூட்டிப் பாருங்கள், 2031. அப்படியே கிடைத்தாலும் வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். துவாஸ் ஷிஃப்டுக்கு 45 நாள் போதுமா?

பழைய_இரும்பு
ஞாயிறு, மதியம் 12:55
கணக்கு சரி. அதற்காக மிச்சம் இருக்கும் நாளும் வழுக்கிக்கொண்டே ஓட்டச் சொல்கிறீர்களா?

ஆர்எக்ஸ்இசட்_ராஜா
ஞாயிறு, மதியம் 1:10
டூ ஸ்ட்ரோக் புகையைக் குறை சொல்கிறவர்கள் லாரிப் புகையை

நெறியாளர்
ஞாயிறு, மதியம் 1:26
2028 பற்றி ஏற்கனவே ஓர் இழை நீளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

மாலதி_2பி
செவ்வாய், இரவு 8:15
பொங்கோல் தம்பி, என்ன ஆயிற்று? எவ்வளவு வடிந்தது?

பொங்கோல்_அப்பா
வியாழன், இரவு 10:37
இழுக்குது அக்கா. புல்வெட்டி ஆயில்தான். இரண்டு முறை மாற்றினேன். அளக்க வேறு எதுவும் கிடைக்காமல் பிள்ளையின் பால்புட்டியில் அளந்தேன், அதில் சரியாக 250 கோடு இருக்கிறது. வீட்டில் பார்த்துவிட்டார்கள். புதுப் புட்டி இரண்டு வாங்கிக் கொடுத்தாயிற்று. நன்றி.

மாலதி_2பி
வியாழன், இரவு 10:45
நல்லது. ஆனால் வடிந்தது எவ்வளவு?