பொன்னுருக்குக்கு 1937 காசு: உருக்கலாமா, வேண்டாமா?

பாலைப்பழம்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஒட்டுசுட்டான். தம்பிக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன் தாலிக்குத் தங்கம் உருக்குகிற பொன்னுருக்குச் சடங்கு இருக்கிறது. லண்டனில் இருந்த பெரியப்பா இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். அவருடைய சாமான்களோடு ஒரு பவுண் காசும் வந்தது. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் குதிரைமேல் இருந்து பறவைநாகத்தைக் குத்தும் வீரன், கீழே 1937. "பொன்னுருக்குக்கு இதைத்தான் போட வேணும், அண்ணரே வந்து நின்ற மாதிரி இருக்கும்" என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறா. ஆனால் காசு கண்ணாடிபோல இருக்கிறது. விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தால் என் மூக்குத்தி அதில் தெரிகிறது. விளிம்பும் வழுவழு என்றிருக்கிறது. அம்மாவின் தாலிக்கொடியில் உள்ள காசுகளுக்கு விளிம்பில் வரி வரியாக இருக்கும். இது கள்ளக் காசா? உருக்கலாமா?

குளக்கட்டு:
தங்கச்சி, தயவுசெய்து உருக்க வேண்டாம். அந்த வழுவழுப்பான விளிம்புதான் இதன் அடையாளமே. 1937இல் முடிசூட்டு விழாவுக்காக லண்டன் நாணயச்சாலை ஐந்து பவுண், இரண்டு பவுண், ஒரு பவுண், அரைப் பவுண் என்று நான்கு தங்கக் காசுகளை ஒரு பெட்டியில் போட்டு விற்றது. எல்லாம் புரூஃப் காசுகள், அதாவது புழக்கத்துக்கு இல்லாமல், சேர்ப்பவர்களுக்காகக் கண்ணாடிபோல மெருகாக அடித்தவை. எதற்கும் விளிம்பில் வரி கிடையாது. ஒரு பவுண் காசு மொத்தம் 5,501 தான். அந்த மன்னரின் தலையோடு பவுண் காசு வெளிவந்தது அந்த ஒரே ஆண்டில்தான். 1949இலும் அதற்குப் பிறகும் கொஞ்சம் அடித்தபோதுகூட அவருடைய தகப்பனாரின் பழைய அச்சில், 1925 என்று ஆண்டு போட்டுத்தான் அடித்தார்கள். முதலில் நல்ல தராசில் நிறுத்துப் பாருங்கள். 7.98 கிராம் இருக்க வேண்டும். குறுக்களவு 22 மில்லிமீற்றர். போலிகளும் உண்டு, அதனால் நாணயம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எதையும் முடிவெடுக்காதீர்கள்.

மாங்குளம் சந்தி:
அண்ணை சொல்வது லண்டனுக்குச் சரி. மாங்குளத்துக்குச் சரியா? நான் நகைவேலைக் குடும்பத்துப் பிள்ளை. வன்னியில் எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் கல்லில் உரைப்பார்கள், தராசில் வைப்பார்கள், எட்டுக் கிராமுக்குச் சொட்டுக் குறைவு, 22 கரட், இவ்வளவு காசு என்பார்கள். அவ்வளவுதான். ஜோர்ஜ் மன்னருக்கு ஒரு சதமும் கூடத் தரமாட்டார்கள்.

5,501 என்பதும் அப்படி ஒன்றும் குறைந்த தொகை இல்லை. விக்டோரியா மகாராணி சிங்கத்தோடு நடக்கிற 1839ஆம் ஆண்டு ஐந்து பவுண் காசு சுமார் 400 தான் அடிக்கப்பட்டிருக்கும் என்கிறார்கள். அரிது என்றால் அதைச் சொல்லலாம்.

2009இல், போரின் கடைசிக் காலத்தில், நாங்கள் மாத்தளன் பக்கம் இருந்தபோது அம்மா தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்து அரிசியும் பால்மாவும் வாங்கினா. வாங்கியவர் காசில் யார் தலை இருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் தூக்கிப் பாரம் பார்த்தார். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்தப் பாரம்தான். அதனால்தான் சொல்கிறேன், பெரியப்பாவின் தங்கம் மருமகளின் கழுத்தில் ஏறுவதைவிடப் பெரிய மதிப்பு அதற்கு வேறு என்ன?

குளக்கட்டு:
தம்பி, அந்த நாளை நானும் கடந்து வந்தவன்தான். உங்கள் அம்மாவின் கொடியைப் பற்றி எதிர்த்துக் கதைக்க எனக்கு வாய் வராது.

ஆனால் பாரத்துக்கு எந்தத் தங்கமும் போதும். 1918இல் பம்பாயில் அடித்த பவுண் காசு இருக்கிறதே, குதிரையின் காலடி மண்ணில் சின்னதாக ஆங்கில 'ஐ' எழுத்து போட்டது, அது கிட்டத்தட்ட 13 இலட்சம் அடிக்கப்பட்டது. புழங்கித் தேய்ந்த அப்படி ஒன்றை உருக்கினாலும் தங்கத்தின் மாற்று அதேதான், பாரமும் கிட்டத்தட்ட அதேதான். புரூஃபில் கூடுதலாக இருப்பது கைவேலை. அச்சைக் கண்ணாடிபோல மெருகிடுவார்கள். அடிக்கப்போகும் தங்க வில்லையையும் மெருகிடுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக வைத்து, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். பிஸ்துருச்சி என்ற இத்தாலியர் செதுக்கி 1817இல் முதன்முதல் காசில் வந்த அந்தக் குதிரையின் பிடரி மயிரைப் புரூஃபில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், இழை இழையாக நிற்கும். சந்தைக்குப் போன காசில் அது எப்போதோ மழுங்கியிருக்கும்.

நீங்கள் ஆசாரியார் வீட்டுப் பிள்ளை. உங்கள் தாத்தா கையால் செய்த அட்டியலை, பாரம் இருக்கிறது என்பதற்காக, யாராவது உருக்குகிற குகையில் போட்டால் பார்த்துக்கொண்டு நிற்பீர்களா?

தருமபுரத்தான்:
இப்போது லண்டனில் இருக்கிறேன். நான் பட்டதைச் சொல்கிறேன். இங்கே ஒரு கடைக்காரர் "கொஞ்சம் மங்கியிருக்கிறது, துடைத்துக்கொண்டு வந்தால் நல்ல விலை தரலாம்" என்றார். 1887ஆம் ஆண்டுப் புரூஃப் அரைப் பவுண் அது. வீட்டில் மெல்லிய பருத்தித் துணியால்தான் துடைத்தேன். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் முழுக்க மயிரிழைக் கீறல். திரும்பக் கொண்டுபோனபோது அதே ஆள் தங்க விலைக்கு மேல் சொற்பம்தான் தருவேன் என்றார். அக்கா, விளிம்பில் மட்டும் பிடியுங்கள். துணி, புளி, சோப்பு ஒன்றும் வேண்டாம். கல்லில் உரைக்கக் கொடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று. புரூஃப் என்ற பெயர் இருந்தால் எல்லாம் அரிது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1979இல் மட்டும் 50,000 புரூஃப் பவுண் அடித்தார்கள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒவ்வொரு வருடமும் வருகிறது. விளம்பரத்தைப் பார்த்து ஊரில் உள்ளவர்கள் வாங்கி அனுப்பச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. 1937 அந்த ரகம் இல்லை.

மாங்குளம் சந்தி:
அட்டியல் கதையில் அண்ணை என்னை மடக்கிவிட்டார். தாத்தா செய்த ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது, அதை உருக்க விடமாட்டேன்தான். ஆனாலும் வாங்கச் சந்தை இல்லாத ஊரில் இதை ஒரு சேமிப்பு என்று சொல்லாதீர்கள். அவசரத்துக்கு அடைவு வைக்கப் போனால் பாரத்துக்குத்தான் தருவார்கள். வைத்திருக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வைத்திருக்க வேண்டும்.

குளக்கட்டு:
அதை ஒத்துக்கொள்கிறேன். அவசரத்துக்கு வேறு தங்கம் இருக்கிற வீட்டில்தான் இதை வைத்திருக்கலாம்.

பாலைப்பழம்:
எல்லாருக்கும் நன்றி. நிறுத்துப் பார்த்தோம், 7.98 சரியாக இருக்கிறது. வவுனியாவில் நாணயம் சேர்க்கிற ஒரு ஐயாவுக்கும் காட்டினோம். அவர் காசைத் தொடவில்லை. விளிம்பைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு "இதுதான் அது" என்றார்.

அம்மம்மாவின் பழைய காசு ஒன்று பெட்டகத்தில் இருந்தது. வளையம் பற்றவைத்து, கழுத்தில் கிடந்து தேய்ந்து, ஆண்டுகூடத் தெரியவில்லை. அதை உருக்க அம்மா சம்மதித்துவிட்டா. ஆனால் பெரியப்பாவின் காசும் தட்டில் இருக்க வேண்டுமாம், அதில் விட்டுக்கொடுக்கமாட்டாவாம். தட்டில் வெற்றிலை, மஞ்சள், குங்குமம் எல்லாம் இருக்கும். வைக்கலாமா?

மாங்குளம் சந்தி:
வையுங்கள் அக்கா, பெட்டியோடு. மூடியைத் திறக்க வேண்டாம். தட்டை ஆசாரியாரின் நெருப்புச் சட்டிக்குக் கிட்ட வைக்காதீர்கள், ஊதும்போது சாம்பல் பறக்கும்.